வலிக்குப் பெப்டைடு ஊசி: எதை நம்பலாம்?

"முட்டி வலிக்குப் புதுசா பெப்டைடு ஊசி வந்திருக்காமே, போட்டுக்கலாமா?" என்று நம்மவர்கள் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். அமினோ அமிலங்களை மணிகளாகக் கோத்த சிறு சங்கிலியே பெப்டைடு. இன்சுலினும் அவ்வகைதான். ஆகவே பெயரைக் கேட்டு மிரளவும் வேண்டாம், மயங்கவும் வேண்டாம்.

சான்றுள்ள மருந்துக்கு எடுத்துக்காட்டு சிகோனோடைடு. கூம்பு நத்தை என்னும் கடல் நத்தையின் நஞ்சில் கண்ட 25 அமினோ அமிலச் சங்கிலியை ஆய்வகத்தில் அப்படியே செய்தார்கள். தண்டுவடத்தில் வலிச் செய்தியைக் கடத்தும் கால்சியம் வாயில்களை அது அடைக்கிறது. மார்ஃபின் போல அடிமைப்படுத்துவதில்லை. மனிதர்களிடம் சோதித்த பின்பே 2004இல் அமெரிக்கா அனுமதித்தது. அதுவும் வேறெதற்கும் அடங்காத கடும் வலிக்கு மட்டும். தண்டுவட நீரில் பம்ப் மூலம் செலுத்த வேண்டும். மனக்குழப்பம், மாயத்தோற்றம் வரலாம். குழாய்வழி கிருமி புகுந்தால் மூளையுறை அழற்சியும் வரலாம்.

இணையத்தில் விற்கும் பிபிசி-157 சங்கதி வேறு. தசைநாண் காயம் ஆறியதெல்லாம் பெரும்பாலும் எலிகளிடம் கண்டதே. மனித ஆய்வுகள் மிகச் சில, மிகச் சிறியவை. 2022இல் உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை இதைத் தடைப் பட்டியலில் சேர்த்தது. 2023இல் அமெரிக்க மருந்துத் துறை, மாசுப் பொருள்கள், நோயெதிர்ப்பு எதிர்வினை பற்றிய ஐயங்களைச் சொல்லி எச்சரித்தது. புது இரத்தக்குழாய்களை வளர்க்கும் இயல்பு, மறைந்திருக்கும் புற்றுக்கும் தீனி போடுமோ என்ற கவலையும் உண்டு.

"ஆராய்ச்சிக்கு மட்டும்" என்று அச்சிட்ட குப்பி நம் பெற்றோரின் முட்டிக்கு வேண்டாம். எந்த ஊசியானாலும் மருத்துவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: மனிதர்களிடம் சோதித்தார்களா? அனுமதி உண்டா? கெடுதல் வந்தால் யார் பொறுப்பு?