பட்டியலில் விடுபட்ட ஒன்று

மலேசியாவின் தஞ்சோங் கிளிங் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு ரப்பர் கொட்டையைத் தெரியாமல் இருக்காது. வழவழவென்று, பழுப்பில் கரும்புள்ளிகளோடு இருக்கும். சிமெண்டுத் தரையில் பரபரவென்று தேய்த்து அடுத்தவன் கையில் சூடு வைப்போம். அதில் பன்னிரண்டை எடுத்து, வரிசை குறையாமல் அடுக்கிப் பாருங்கள். ஒரே வரிசை, இரண்டு, மூன்று, நான்கு, ஆறு, பன்னிரண்டு என ஆறு விதமாக அடுக்கலாம். பதின்மூன்றாவது கொட்டையைச் சேர்த்தால் அத்தனையும் போய்விடும். ஒன்றன்பின் ஒன்றாக நீட்டி வைப்பதைத் தவிர வழியில்லை.

12க்கு ஆறு காரணிகள். அதற்குக் கீழே எந்த எண்ணுக்கும் ஆறு கிடையாது. இப்படித் தனக்கு முந்தைய எல்லா எண்களையும் காரணிகளின் எண்ணிக்கையில் மிஞ்சுவது உயர் பகு எண். பகா எண்ணுக்கு நேர் எதிர்த் துருவம் இது. 24, 36, 48, 60 எல்லாம் அந்த வரிசைதான். நாளுக்கு 24 மணி, மணிக்கு 60 நிமிடம் என்று நாம் பங்கு போட்டு வாழ்வது இவற்றை வைத்துத்தான்.

இந்த எண்களுக்குப் பெயர் கொடுத்து முறையாக ஆராய்ந்தவர் கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச இராமானுஜன். 1914 மார்ச்சில் சென்னையில் இங்கிலாந்துக்குக் கப்பலேறியவர், மறு ஆண்டே இதைப் பற்றி அறுபது பக்கங்களுக்கு மேல் ஓடும் கட்டுரையை லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் வெளியிட்டார். 1916இல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் கொடுத்ததும் இதற்காகத்தான். கழகத்தில் அப்போது பணமுடை. செலவைக் குறைக்கக் கட்டுரையின் ஒரு பகுதியை அவரே நிறுத்திவைத்தார். அது முழுமையாக அச்சேற 1997 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எனக்கு இன்றும் மனம் ஆறாத செய்தி அது.

அந்தக் கட்டுரையில் ஓர் அட்டவணை உண்டு. கணினி இல்லாத காலத்தில், கையாலேயே போட்டெடுத்த 102 உயர் பகு எண்கள். கடைசி எண் 6,746,328,388,800. இவ்வளவு நீண்ட பட்டியலில் விடுபட்டது ஒன்றே ஒன்று: 293,318,625,600.

விடுபட்ட அந்த எண்ணைப் பிரித்துப் பார்ப்போம். அதற்குள் 2 ஆறு முறை, 3 நான்கு முறை, 5 இரண்டு முறை, 7 இரண்டு முறை, பிறகு 11, 13, 17, 19 தலா ஒரு முறை பெருக்கப்பட்டிருக்கின்றன. அதன் காரணி ஒன்றை உருவாக்க 2ஐ எத்தனை முறை எடுக்கலாம்? ஒன்றும் எடுக்காமலும் விடலாம், ஆறு வரையும் எடுக்கலாம். ஆக ஏழு வழி. 3க்கு ஐந்து வழி. 5க்கும் 7க்கும் மூன்று மூன்று. மற்ற நான்குக்கும் இரண்டிரண்டு. எல்லாவற்றையும் பெருக்கினால் 5,040 காரணிகள். ஒரு நகர அரசை வகுத்துப் பிரிக்க வாகானது என்று பிளேட்டோ தேர்ந்தெடுத்த குடும்பங்களின் எண்ணிக்கை இதே 5,040. அதுவும் ஓர் உயர் பகு எண்தான்!

இனி இராமானுஜனின் கடைசி எண்ணைப் பிரித்தால், அதே 2கள், அதே 3கள், அதே 5களும் 7களும், 11 முதல் 19 வரை எல்லாம் அப்படியே இருக்கின்றன. கூடுதலாக ஒரே ஒரு 23. அந்தக் கடைசி எண்ணை 23ஆல் வகுத்தால் மீதியில்லாமல் வந்து நிற்பது, அவர் அட்டவணையில் எழுதாமல் விட்ட 293,318,625,600.