ஒரு பில்லியன் என்றால் எத்தனை சுழியம்?

பூமியின் வயது சுமார் 4.5 பில்லியன் ஆண்டுகள். இதைப் பத்தின் அடுக்கில் எழுதச் சொன்னேன். படிவம் 4 மாணவர் ஒருவர் 4.5 × 10¹² என எழுதியிருந்தார். தவறு எனக் குறித்தேன். மறுநாள் அவர் தம் தாத்தாவின் பழைய ஆங்கில அகராதியைக் கொண்டு வந்தார். "டீச்சர், பில்லியன்னா மில்லியன் மில்லியன்னு இதுல போட்டிருக்கே!" என்றார். அவர் சொன்னது உண்மைதான். அகராதியிலும் பிழையில்லை. அப்படியானால் தவறு எங்கே?

முதலில் மில்லியனைப் பார்ப்போம். இத்தாலிய மொழியில் 'மில்லே' என்றால் ஆயிரம். அதோடு பெருமையைக் குறிக்கும் விகுதி சேர்ந்து 'பெரிய ஆயிரம்' என்னும் பொருளில் பிறந்ததே மில்லியன். அதாவது ஆயிரம் ஆயிரம். நம் கணக்கில் பத்து லட்சம்.

1484இல் நிக்கோலா ஷுக்கே என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர், மில்லியனுக்கு மேற்பட்ட எண்களுக்கும் பெயர்களை எழுதி வைத்தார். இலத்தீனில் 'பி' என்றால் இரண்டு. எனவே மில்லியனை இருமுறை பெருக்கினால் பில்லியன் (10¹²). 'ட்ரி' என்றால் மூன்று. மும்முறை பெருக்கினால் ட்ரில்லியன் (10¹⁸). பெயரும் கணக்கும் அழகாகப் பொருந்தின.

பின்னர் 17ஆம் நூற்றாண்டில், பிரான்சில் சிலர் மூன்று மூன்று சுழியங்களாகப் பிரித்துப் பெயரிட்டனர். அதன்படி ஆயிரம் மில்லியனே ஒரு பில்லியன் (10⁹). அமெரிக்கா இம்முறையை ஏற்றது. பிரிட்டன் பழைய முறையையே பின்பற்றியது. ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு இரு நாடுகளில் இரு மதிப்புகள். வேறுபாடு ஆயிரம் மடங்கு!

1974இல்தான் பிரிட்டிஷ் பிரதமர் ஹரோல்ட் வில்சன், இனி அரசாங்கப் புள்ளிவிவரங்களில் பில்லியன் என்றால் ஆயிரம் மில்லியன் என நாடாளுமன்றத்தில் அறிவித்தார். தாத்தாவின் அகராதி அதற்கு முன்பே அச்சானது.

குழப்பம் இன்றும் முற்றாகத் தீரவில்லை. பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் பில்லியன் என்பது இன்றும் 10¹²தான். 10⁹ஐ அவர்கள் 'மில்லியார்ட்', 'மில்லியார்டெ' என்பர். நம் அண்டை வீட்டிலும் இதைக் காணலாம். மலேசியாவில் 'பிலியோன்' என்பதை இந்தோனேசியர் 'மிலியார்' என்பர். நமக்குச் சொல் வந்தது ஆங்கிலத்திலிருந்து. அவர்களுக்கு டச்சு மொழியிலிருந்து.

ஆயிரம் மடங்கு என்பது எவ்வளவு பெரிய வேறுபாடு? ஒரு மில்லியன் விநாடிகள் ஏறக்குறைய 11½ நாள். 10⁹ விநாடிகள் சுமார் 32 ஆண்டுகள். 10¹² விநாடிகளோ சுமார் 31,700 ஆண்டுகள்!

இதனால்தான் அறிவியலில் சொல்லைவிட அடுக்கையே நம்புகிறோம். 10⁹ என எழுதினால் எந்நாட்டவருக்கும் ஒரே பொருள். 'கீகா' என்னும் முன்னொட்டும் அப்படியே.  தமிழில் 'நூறு கோடி' என்றாலும் குழப்பமில்லை.

சரி, அந்த மாணவரின் விடைக்கு வருவோம். பேரண்டத்தின் வயது சுமார் 1,380 கோடி ஆண்டுகள், அதாவது 1.38 × 10¹⁰. பூமியின் வயது 4.5 × 10¹² என்றால், பேரண்டத்தைவிடப் பூமி 300 மடங்குக்கும் மேல் மூத்ததாகிவிடும்! பிள்ளை தாயைவிட மூத்ததாக இருக்க முடியுமா? இதைச் சொன்னதும் அவரே சிரித்துவிட்டு 10⁹ எனத் திருத்தினார்.

மாணவர்களே, பழைய நூலிலோ பிறமொழி நூலிலோ பில்லியனைக் கண்டால், அது எந்த ஆண்டில், எந்த நாட்டில் வெளிவந்தது எனப் பாருங்கள். விடை எழுதிய பின், அது நடக்கக்கூடியதா என்றும் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். அந்த மாணவருக்கு மதிப்பெண் கூடவில்லை. ஆனால், அகராதியைத் தேடிப் பார்த்து ஆசிரியரிடமே கேள்வி கேட்டாரே, அதுதான் அறிவியலின் முதல் படி.