கயிறு இழுத்து இயக்கும் சிறு என்ஜின்கள்: பழுது பார்த்தலும் பராமரிப்பும்

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகாக்களில், மலையடிவாரத்துத் தென்னை, மாந்தோப்புகளிலும், கிழக்கேயுள்ள கரிசல் பூமியில் பருத்தி, மக்காச்சோளப் பயிர்களிலும், பெட்ரோலால் ஓடும் சிறு களையெடுப்பு யந்திரங்கள் இப்பொழுது சாதாரணமாக உபயோகிக்கப்பட்டு வருகின்றன. 2014-15ஆம் வருஷத்தில் ஏற்பட்ட வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத்தின் மூலம் மானியம் பெற்று வாங்கியவர்களும் உண்டு. இவற்றையும், புல் வெட்டும் யந்திரம், முதுகில் சுமக்கும் விசைத் தெளிப்பான், சிறு பம்பு செட்டு முதலியவற்றையும் பெரும்பாலும் கயிற்றை இழுத்தே இயக்க வேண்டும். பிற நாடுகளில் உல்லாசத்திற்காக மணலிலும் பனியிலும் ஓட்டும் வண்டிகள் சிலவற்றிலும் இதே அமைப்பு உண்டு.

சில வருஷங்களுக்கு முன், ஐப்பசி மழை சற்று ஓய்ந்த சமயம், ராஜபாளையத்திற்குக் கிழக்கே மக்காச்சோளம் பயிரிட்டிருந்த ஒரு விவசாயியின் யந்திரத்தில் கயிறு அறுந்தது. அவர் புதுக் கயிறு போட்டுக்கொண்டார். மூன்றாம் நாள் அதுவும் அறுந்தது. அதன்பின் என்னை அழைத்தார். கயிற்றில் குற்றமில்லை. முந்திய பருவத்துப் பெட்ரோல் டாங்கியிலேயே கிடந்து, கார்புரேட்டரின் நுண்துவாரம் பிசின்போல் அடைபட்டிருந்தது. ஒரு தடவை இழுத்து ஓட வேண்டிய என்ஜினை நாற்பது தடவை இழுத்தால் எந்தக் கயிறுதான் தாங்கும்? விதைத்த முதல் மாதத்துக் களையே மக்காச்சோளத்திற்குப் பெருங்கேடு. அந்த நாட்கள் கடந்துவிட்டபடியால், அவர் கூலியாட்களுக்குப் பணம் கொடுத்துக் களையெடுத்தும் முழு மகசூல் காணவில்லை. ஆகையால், கயிறு மாற்றக் கற்பதோடு, அது ஏன் அறுந்ததென்று விசாரிப்பதும் அவசியமாகும்.

அமைப்பு

என்ஜினின் பக்கத்து மூடிக்குள் ஒரு கப்பியும், அதனடியில் கடிகார வில்லைப்போல் சுருண்ட தட்டையான எஃகு ஸ்பிரிங்கும் இருக்கின்றன. கயிற்றை இழுத்தால் கப்பி சுழன்று, அதிலுள்ள சிறு நாக்குகள் வெளியே நீண்டு, பிளைவீலில் பொருத்திய கிண்ணத்தைப் பற்றி என்ஜினைச் சுழற்றும். என்ஜின் ஓடத் தொடங்கியதும் நாக்குகள் விலகும். ஸ்பிரிங் கயிற்றைத் திரும்பச் சுற்றிக்கொள்ளும்.

இழுக்கும் விதம்

முதலில் மெதுவாக இழுத்து, கனம் தெரிந்த இடத்தில் நிறுத்தி, கயிற்றை உள்ளே விட்டு, பிறகு ஒரே வேகமாக நேராக இழுக்க வேண்டும். சாய்த்து இழுத்தால் துவாரத்தின் விளிம்பில் கயிறு தேயும். கடைசி முழம்வரை இழுப்பதும், இழுத்தபின் கைப்பிடியைச் சட்டென்று விட்டுவிடுவதும் ஸ்பிரிங்கிற்குக் கெடுதி.

கயிறு மாற்றுதல்

1. என்ஜின் ஆறியபின், ஸ்பார்க் பிளக்கின் தொப்பியைக் கழற்றி, பெட்ரோல் குழாயை மூடவும். மூடியைப் பிடித்துள்ள போல்ட்டுகளை (பெரும்பாலும் 10 மி.மீ. ஸ்பானர்) கழற்றி மூடியை எடுக்கவும்.

2. கயிறு அறுந்திருந்தால் ஸ்பிரிங் தானாகவே தளர்ந்திருக்கும். அறாமல் நைந்திருந்தால், கப்பியைக் கையால் பிடித்து மெல்ல மெல்லத் தளர்த்த வேண்டும். இதில் அவசரப்பட்டு ஒருமுறை நானே உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டேன். ஸ்பிரிங்கை அதன் கூட்டிலிருந்து வெளியே எடுக்க முயலவேண்டாம். துள்ளி எழுந்தால் கண்ணுக்கு ஆபத்து. ஸ்பிரிங் ஒடிந்திருந்தால் ஸ்டார்ட்டரை முழுமையாக வாங்கிப் பொருத்துவதே உத்தமம்.

3. பழைய துண்டுகளைச் சேர்த்து அளந்து, அதே நீளமும் அதே கனமுமுள்ள பின்னிய நைலான் கயிறு வாங்கவும். தடித்த கயிறு கப்பியில் அடங்காது; மெல்லிய கயிறு பக்கவாட்டில் இறங்கிச் சிக்கும். நுனிகளைத் தீக்குச்சியால் லேசாக உருக்கிக்கொள்ளவும்.

4. ஸ்பிரிங் இறுகும் திசையில் கப்பியை முழுதும் சுற்றி, பின்பு சுமார் ஒரு சுற்றுத் தளர்த்தி, கப்பியின் துவாரமும் மூடியின் துவாரமும் நேராக வரும்போது நிறுத்திப் பிடிக்கவும். கயிற்றை நுழைத்து இரு முனையிலும் முடிச்சிட்டு, கைப்பிடியைப் பொருத்தி, மெதுவாக உள்ளே விடவும்.

5. கயிற்றை முழுதும் இழுத்த நிலையிலும் கப்பி இன்னும் சிறிது சுழல இடமிருக்க வேண்டும். விட்டால் கைப்பிடி மூடியோடு ஒட்டி நிற்க வேண்டும். இவ்விரண்டும் சரியாயிருந்தால் மூடியை மாட்டி, கயிற்றைச் சற்று இழுத்து நாக்குகள் கிண்ணத்தைப் பற்றச் செய்து, போல்ட்டுகளை முடுக்கவும்.

கயிறு வந்தும் என்ஜின் சுழலாவிட்டால் நாக்குகள் தேய்ந்தோ மண் படிந்தோ இருக்கும். துடைத்துச் சுத்தம் செய்யவும். கிரீஸை அப்பினால் கரிசல் புழுதி மேலும் ஒட்டிக்கொள்ளும். கயிறே இழுபடாவிட்டால் பலாத்காரம் செய்யலாகாது. பிளக்கைக் கழற்றி இழுத்துப் பார்க்கவும். சுலபமாக வந்தால், யந்திரத்தைச் சாய்த்து ஏற்றி வந்ததால் எண்ணெயோ பெட்ரோலோ சிலிண்டரில் புகுந்திருக்கலாம். அருகில் நெருப்பில்லாமல் மெதுவாக இழுத்து வெளியேற்றலாம். அப்போதும் வராவிட்டால், கத்திகளில் கோரையும் கொடியும் சுற்றியிருக்கிறதாவென்று பார்க்கவும். அதுவுமில்லையெனில் என்ஜின் பிடித்துக்கொண்டதாகும்; பட்டறைக்கு அனுப்ப வேண்டியதே.

பராமரிப்பு

உதாரணமாக, ஹோண்டா ஜி.எக்ஸ். 160 என்ஜினில் சுமார் 0.6 லிட்டர் எண்ணெய் பிடிக்கும். தினமும் சமதரையில் நிறுத்தி அளவு பார்க்க வேண்டும். புது யந்திரத்தில் முதல் 20 மணி நேரத்திலும், பிறகு 100 மணிக்கொரு முறை அல்லது ஆறு மாதத்திற்கொரு முறையும் எண்ணெய் மாற்ற வேண்டும். காற்று வடிகட்டியைத் தினமும் பார்க்கவும். புழுதி நிலத்தில் அடிக்கடி சுத்தம் செய்யவும். பிளக்கின் இடைவெளி 0.7 முதல் 0.8 மி.மீ. இருக்க வேண்டும். தனி எண்ணெய்த் தொட்டியில்லாத இரண்டு ஸ்டிரோக் என்ஜின்களில், செய்தவர் சொன்ன அளவில் பெட்ரோலோடு எண்ணெய் கலப்பதை மறக்கலாகாது.

இக்காலத்துப் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. அது ஈரத்தை இழுக்கும் தன்மையது. ஒரு மாதத்திற்கு மேல் யந்திரம் சும்மா நிற்குமாயின், டாங்கியைக் காலி செய்து, கார்புரேட்டரிலுள்ளது தீருமட்டும் ஓட்டி நிறுத்துக. மேற்சொன்ன விவசாயி இக்காரியத்தைச் செய்திருந்தால் இரண்டு கயிறுகளும் ஒரு பருவத்து லாபமும் மிஞ்சியிருக்கும்.

யந்திரத்தைப் பலர் மாற்றி மாற்றி வாங்கி ஓட்டும் ஊர்களில், ஓடிய மணியும் எண்ணெய் மாற்றிய தேதியும் குறிக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் யந்திரத்தோடேயே இருக்கும்படி கிராம அலுவலர்கள் ஏற்பாடு செய்தால் மிகவும் பிரயோஜனப்படும். பருவ மழைக்கு முன்பே ஒரு மாற்றுக் கயிறும் ஒரு பிளக்கும் வாங்கி வைத்துக்கொள்ளும்படி யந்திரமுடையோர் அனைவரும் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.