மிதிவண்டிக்கு மோட்டார்: விலக்கு உண்டு, வழி இல்லை

புதுதில்லியின் ஜண்டேவாலான் பகுதி மிதிவண்டி வணிகத்துக்குப் பெயர்பெற்றது. குழந்தைகளின் மூன்று சக்கர வண்டி முதல் விலையுயர்ந்த வெளிநாட்டு சைக்கிள்கள் வரை விற்கும் இந்தச் சந்தையில், அண்மை ஆண்டுகளில் இன்னொரு சரக்கும் இடம்பிடித்துள்ளது. பழைய சைக்கிளில் பொருத்தும் சிறு மின் மோட்டார், பேட்டரி, கைப்பிடியில் மாட்டும் ஆக்சிலேட்டர், கட்டுப்பாட்டுக் கருவி ஆகியவை அடங்கிய பெட்டி அது.

இந்தப் பெட்டியின் தேவையைப் புரிந்துகொள்ள தில்லியின் வரைபடத்தைப் பார்த்தால் போதும். 2004-ல் யமுனை புஷ்தா குடிசைகள் இடிக்கப்பட்டபோது, அங்கிருந்த குடும்பங்களில் பலவற்றை அரசு பவானாவுக்கு அனுப்பியது. நகரின் மையப் பகுதியில் வேலை பார்த்தவர்களுக்குப் பணியிடம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவுக்குப் போய்விட்டது. காவலாளி, கட்டடத் தொழிலாளி, தெரு வியாபாரி ஆகியோருக்கு அன்றாடம் மெட்ரோ கட்டணம் கட்டுப்படியாவதில்லை. மோட்டார் சைக்கிள் வாங்கினால் பெட்ரோல், காப்பீடு என்று செலவு நீளும். வீட்டில் இருப்பதோ 20 கிலோவுக்கும் அதிக எடையுள்ள கறுப்பு நிற சைக்கிள். நாட்டின் குடும்பங்களில் ஏறத்தாழ பாதியிடம் சைக்கிள் இருப்பதாக 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு கூறுகிறது.

பொருத்தும் வேலை கடினமானதல்ல. ஆனால், கவனம் தேவை. மோட்டார் அடங்கிய சக்கரத்தைப் பின்புறம் மாட்டுவதே பாதுகாப்பானது. புதுவகைச் சைக்கிள்களுக்காகத் தயாரிக்கப்பட்ட அதன் அச்சு பழைய சைக்கிளின் சட்டத்தைவிட அகலமானது. எனவே, சட்டத்தைச் சற்று விரிக்க வேண்டும். முன்புறம் மாட்டுவது எளிது என்று சிலர் அவ்வாறு செய்கின்றனர். மோட்டாரின் முறுக்குவிசையில் அச்சு சுழன்று கவட்டையிலிருந்து கழன்றால், ஓட்டுபவர் தலைகுப்புற விழ நேரிடும். மலிவான மற்றொரு முறையில், 24 வோல்ட் மோட்டாரைச் சட்டத்தில் பிணைத்துத் தனிச் சங்கிலியால் பின்சக்கரத்தைச் சுழற்றுகிறார்கள். 36 வோல்ட், 7.5 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று முழுதாக ஏற, கால் யூனிட்டுக்குச் சற்றே கூடுதலான மின்சாரம் போதும். இடையிடையே மிதித்துச் சென்றால் 25 கிலோமீட்டர் வரை ஓடும். ஒரு குவளைத் தேநீரின் விலைகூட ஆகாது.

உண்மையான அபாயம் பிரேக்கில் இருக்கிறது. கம்பிகளால் இயங்கும் பழைய பிரேக், மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்துக்குச் சரி. 25 கிலோமீட்டர் வேகத்தில், மழையில் நனைந்த இரும்பு விளிம்பை அது பிடிப்பதில்லை. மோட்டாரைப் பற்றி ஆவலுடன் விசாரிப்பவர்கள் பிரேக்கைப் பற்றிக் கேட்பது அரிது.

இந்த வண்டியைச் சட்டம் எவ்வாறு பார்க்கிறது? மத்திய மோட்டார் வாகன விதிகள், 250 வாட்டுக்குக் குறைந்த திறனும் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைந்த வேகமும் உடைய மின்வண்டியை மோட்டார் வாகனமாகக் கருதுவதில்லை. பதிவு, ஓட்டுநர் உரிமம், காப்பீடு எதுவும் வேண்டாம். தாராளமான விலக்குதான். ஆனால், அங்கீகரிக்கப்பட்ட சோதனை அமைப்பு சரிபார்த்துச் சான்றளிக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அதே விதியில் உள்ளது. புனேவிலும் மானேசரிலும் உள்ள இத்தகைய அமைப்புகள் தொழிற்சாலைகளுக்காக ஏற்பட்டவை. பவானாவின் காவலாளி தன் சைக்கிளை உருட்டிக்கொண்டு அங்கே போய் நிற்க முடியாது. சான்று இல்லாத நிலையில், விபத்து நேர்ந்தால் அவரது வண்டி சைக்கிளா, பதிவு செய்யப்படாத மோட்டார் வாகனமா என்ற கேள்வி அவரது தலைமீது விழும்.

பெட்ரோல் எஞ்சின் மாட்டுவோரின் நிலை இதைவிட மோசம். 1988 சட்டத்தில் 35 சி.சி.யாக இருந்த விலக்கு வரம்பு 1994-ல் 25 சி.சி.யாகக் குறைக்கப்பட்டது. சீனாவிலிருந்து வரும் எஞ்சின்கள் பெரும்பாலும் 49 சி.சி.யும் அதற்கு மேலும் கொண்டவை. 1972-ல் லூனாவும், 1980-ல் ஓசூரின் டி.வி.எஸ். 50-ம் மிதிகட்டையுடன் வெளிவந்தன என்றாலும், அவை தொழிற்சாலையில் உருவாகிப் பதிவு பெற்றவை.

வரியிலும் இதே பாரபட்சம் தெரிகிறது. 2019 ஆகஸ்ட் முதல் மின் சைக்கிளுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். அதே லித்தியம் பேட்டரியைத் தனியே வாங்கிப் பழைய சைக்கிளில் மாட்டினால் 18 சதவீதம். 2022 ஏப்ரலில் தில்லி அரசு அறிவித்த 5,500 ரூபாய் வரையிலான உதவித்தொகையும் புதிய மின் சைக்கிள் வாங்குவோருக்கானது. புதியது வாங்க வசதி உள்ளவருக்குச் சலுகை, இருப்பதைச் சீர்செய்பவருக்குக் கூடுதல் வரி என்பது விந்தையான பசுமைக் கொள்கை.

சட்டத்தை மாற்றுவது கடினம் என்று எவரும் கூற முடியாது. தில்லிச் சாலைகளில் மின் ரிக்ஷாக்கள் எந்த அனுமதியும் இன்றிப் பெருகின. 2014 ஜூன் மாதம் ராம்லீலா மைதானத்தில் திரண்ட ஓட்டுநர்கள் முன்னிலையில், 650 வாட்டுக்கு உட்பட்டவற்றுக்கு விலக்கு அளிக்கப்படும் என்று மத்திய அமைச்சர் நிதின் கட்கரி அறிவித்தார். ஜூலை 31 அன்று தில்லி உயர் நீதிமன்றம் அவற்றுக்குத் தடை விதித்தது. அக்டோபரில் புதிய விதிகள் வந்தன. 2015-ல் நாடாளுமன்றமே சட்டத்தைத் திருத்தி, 4,000 வாட் வரை அனுமதித்தது. மைதானத்தை நிரப்பும் பலம் ரிக்ஷா ஓட்டுநர்களுக்கு இருந்தது. தனித்தனியே வேலைக்குச் செல்லும் சைக்கிள்காரர்களுக்கு அது இல்லை. அம்பேத்கர் நகர் - மூல்சந்த் வழித்தடத்தில் 2008-ல் சைக்கிள் பாதையுடன் வந்த பேருந்துத் தடம், எட்டே ஆண்டுகளில் பெயர்த்தெறியப்பட்டபோதும் அவர்களின் குரல் எழவில்லை.

ஒவ்வொரு சைக்கிளையும் சோதிப்பது நடவாத காரியம். ஆனால், மோட்டார் பெட்டியைச் சோதித்து ஒப்புதல் அளிக்கலாம். அதைப் பொருத்தும் மெக்கானிக்குக்குப் பயிற்சியும் அனுமதியும் வழங்கலாம். நல்ல பிரேக்கைக் கட்டாயமாக்கலாம். பெட்ரோலில் ஓடும் காரை மின்காராக மாற்றுவதற்கு இத்தகைய ஒப்புதல் முறை 2016 முதலே விதிகளில் இருக்கிறது.