பட்டத்தைப் பிடிச்சுக்கிட்டு கடலில் சறுக்கலாமா? தனுஷ்கோடி போகும் முன் இதைத் தெரிஞ்சுக்கோங்க!

செல்லூர் மொட்டைமாடியில் விடுகிற பட்டத்தைக் காற்று பலமாக இழுத்தால் நூல் அறுந்து போகும், அவ்வளவுதான். கைட்சர்ஃபிங்கில் கதையே வேறு. 20 மீட்டருக்கும் மேல் நீளமுள்ள கயிறுகளில் பறக்கும் ராட்சதப் பட்டம், இடுப்புப் பட்டையில் மாட்டியிருக்கும் ஆளையே பலகையோடு இழுத்துக்கொண்டு போகும்.

மதுரையில் இருந்து சுமார் 170 கி.மீ. தூரத்தில் உள்ள ராமேஸ்வரம் தீவுதான் தமிழகத்தில் இதற்குப் பேர்போன இடம். பயிற்சி மையங்களும் அங்கே உண்டு.

ஏன் அங்கே?

கோடையில் தென்மேற்குக் காற்று, குளிர்காலத்தில் வடகிழக்குக் காற்று. தனுஷ்கோடிக்குத் தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக் நீரிணை. நடுவில் உள்ள மணல்திட்டு அலையைத் தடுத்துவிடுவதால், உப்பங்கழித் தண்ணீர் அசையாமல் கிடக்கும். ஆழமும் குறைவு. விழுந்தால் எழுந்து நின்றுவிடலாம். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு வேறென்ன வேண்டும்?

ஆபத்து எங்கே?

அந்த அமைதியான தண்ணீரில்தான்! தென்மேற்குக் காற்று தெற்குக் கரையில் கடலில் இருந்து நிலத்தை நோக்கி அடிக்கும். அதே காற்று வடக்குக் கரையில் நிலத்தில் இருந்து கடலுக்குப் போகும். அலை இல்லாததால் அந்தப் பக்கம்தான் ஆசை காட்டும். ஆனால் தண்ணீரில் விழுந்த பட்டம் மறுபடி எழும்பவில்லை என்றால், காற்று ஆளைக் கரையை விட்டுத் தள்ளிக்கொண்டே போகும். குளிர்காலத்தில் இது அப்படியே தலைகீழ்.

1964 புயலுக்குப் பிறகு ரயிலும் ஊரும் திரும்பி வராத இடம் அது. மீனவர் குடிசைகளையும் மீன் வறுவல் கடைகளையும் தாண்டினால் நிழல்கூடக் கிடையாது. ஆஸ்பத்திரிக்கு ராமேஸ்வரம் டவுனுக்குத்தான் வர வேண்டும். அதனால் பயிற்சியாளரும், மீட்புக்கு ஒரு படகும் இல்லாமல் இறங்கவே கூடாது. பட்டத்தை அவசரத்தில் கழற்றிவிடும் கொக்கியைக் கரையிலேயே நாலு முறை இயக்கிப் பழகுங்கள்.

வலை கிடக்கும் பக்கம் போகாதீர்கள். பட்டத்தின் கயிறு சிக்கினால் கிழிவது ஒரு குடும்பத்தின் பிழைப்பு. எங்கே வலை, எங்கே சேறு, எந்த நேரத்தில் காற்று திரும்பும் என்பதெல்லாம் மீனவர்களுக்கு அத்துப்படி. இறங்கும் முன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இன்னொரு விஷயம். தனுஷ்கோடியில் 500 ஹெக்டேருக்கும் மேற்பட்ட பகுதி 2025 ஜூனில் பூநாரை சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. தலைக்கு மேல் பெரிய பட்டம் வட்டமடித்தால் இரை தேடும் பறவைகள் மிரண்டு பறந்துவிடும். எந்தப் பகுதியில் இறங்கலாம் என்று வனத்துறையிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.