திருப்பதி வேனுக்கு ஆந்திரா பர்மிட்: கட்ட வேண்டியது எது, கேட்பது எது?

வாடகை வண்டியில் திருப்பதிக்குப் போக விலை பேசி முடித்ததும் கடைசியாக ஒரு வாசகம் வரும்: "டோல், பர்மிட், பார்க்கிங் தனிங்க." டோலைக் கடந்தால் ஃபாஸ்டேகில் கழிந்த தொகை குறுஞ்செய்தியாக வந்து நிற்கும். பார்க்கிங்குக்குத் துண்டுச் சீட்டு உண்டு. பர்மிட்டுக்கு மட்டும் பெரும்பாலும் டிரைவர் சொல்வதுதான் கணக்கு. ஐந்தாறு பேர் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டு, ரசீது எங்கே என்று கேட்காமலே மலையேறிவிடுவோம்.

இந்தப் பர்மிட் பிறக்கும் இடம் பாலசமுத்திரம் போன்ற ஊர்கள் இருக்கும் எல்லைக்கோடு. ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில், தமிழ்நாட்டை ஒட்டிக் கிடக்கும் மண்டலம் பாலசமுத்திரம். தமிழும் தெலுங்கும் ஒரே வீட்டில் புழங்கும் பகுதி. பக்கத்துப் பள்ளிப்பட்டு ஒரு காலத்தில் அதே சித்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது. ம.பொ.சி. முன்னின்ற வடக்கெல்லைப் போராட்டம், எல்லைத் தகராறைத் தீர்க்க நியமிக்கப்பட்ட படாஸ்கரின் பரிந்துரை, 1959ஆம் ஆண்டு எல்லை மாற்றச் சட்டம் என்று பல படிகள் தாண்டி, 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணியோடு சேர்ந்து இந்தப் பக்கம் வந்தது. நடந்தோ, பைக்கிலோ, சொந்தக் காரிலோ அந்தக் கோட்டைக் கடப்பவரிடம் யாரும் பர்மிட் கேட்கச் சட்டத்தில் இடமில்லை. மஞ்சள் போர்டு மாட்டிய வண்டியின் கதை வேறு.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 88 சொல்வது இதுதான்: ஒரு மாநிலம் கொடுத்த பர்மிட் இன்னொரு மாநிலத்தில் தானாகச் செல்லாது. போகும் மாநிலத்தின் ஒப்புதலும் வேண்டும். அதோடு அந்த மாநிலச் சட்டப்படி வரியும் கட்ட வேண்டும். மனிதனுக்கு விசா போல, வாடகை வண்டிக்கு இது. நாடெங்கும் தடையில்லா வணிகம் என்று அரசியல் சாசனத்தின் 301ஆம் பிரிவு சொல்கிறதே என்று கேட்கலாம். கேட்டார்கள். சாலையைப் பயன்படுத்தும் வண்டிக்கு மாநிலம் வரி போடுவது அந்த உரிமைக்குத் தடையாகாது என்று உச்ச நீதிமன்றம் 1962இலேயே, ராஜஸ்தான் வழக்கொன்றில் சொல்லிவிட்டது. ஆக, வரி நியாயமானது. அதன் மேல் ஏறும் தொகைதான் சிக்கல்.

லாரிக்காரர்களுக்கு இதில் பாதித் தொல்லை தீர்ந்தது. ஆண்டுக்கு 16,500 ரூபாய் கூட்டுக் கட்டணம் கட்டி நேஷனல் பர்மிட் வாங்கினால் நாடு முழுக்க ஓட்டலாம். சுற்றுலா வண்டிகளுக்கும் அதே பாணியில் அகில இந்திய சுற்றுலா பர்மிட் 2021இல் வந்தது. 2023 மே 1 முதல் புதிய விதிகள். கட்டணத்தை மத்திய அரசு மொத்தமாக வாங்கி மாநிலங்களுக்குப் பிரித்துத் தரும் என்பது ஏற்பாடு. ஆனாலும் சில மாநிலங்கள் எல்லையில் தனி வரி கேட்கின்றன, வண்டி உரிமையாளர்கள் நீதிமன்றப் படியேறினார்கள், இழுபறி நீள்கிறது. அகில இந்திய பர்மிட் இல்லாத வண்டிகளுக்கு டெம்பரவரி, அதாவது தற்காலிக பர்மிட்தான். எத்தனை சீட், எத்தனை நாள் என்பதைப் பொறுத்துத் தொகை மாறும்.

தொகை மாறும் என்பதில்தான் கை நுழைகிறது. நிலையான கட்டணம் என்றால் கூடுதலாக ஐம்பது கேட்டாலும் தெரிந்துவிடும். சீட்டுக்கு இவ்வளவு, வாரத்துக்கு இவ்வளவு என்றால் உட்கார்ந்து கூட்டிப் பார்க்க யாருக்குப் பொறுமை? கவுன்ட்டரில் பணமாகக் கட்டிய காலத்தில் ஆர்.சி. புத்தகத்துக்குள் நோட்டை மடித்து வைத்து நீட்டுவது டிரைவர்களின் முதல் பாடம். எல்லைச் சோதனைச்சாவடியில் லஞ்ச ஒழிப்புத் துறை திடீர்ச் சோதனை, கணக்கில் வராத பணம் பறிமுதல் என்ற செய்தி இரு மாநில நாளிதழ்களிலும் வந்துகொண்டேதான் இருக்கிறது.

இப்போது வரியை வீட்டிலிருந்தே இணையத்தில் கட்டலாம். வண்டி எண், போகும் மாநிலம், நுழையும் இடம், தேதி ஆகியவற்றைக் கொடுத்தால் தொகையைத் தளமே கணக்கிட்டு, ரசீதும் தந்துவிடும். இதற்குப் பிறகும் பணம் கூடுதலாகப் போகிறது என்றால் அது போகும் வழி மாறியிருக்கிறது. தேடுபொறியில் எல்லை வரி என்று தட்டினால் அரசுத் தளம் போலவே தோற்றம் காட்டும் தனியார் ஏஜென்ட் பக்கங்கள் வரிசைகட்டி நிற்கும். அவை வரியோடு தங்கள் கூலியையும் சேர்த்து ஒரே தொகையாகக் காட்டும். அரசுத் தளத்தின் முகவரி பொதுவாக ஜிஓவி.இன் (gov.in) என்று முடியும். அதைப் பார்க்காமல் பணம் அனுப்பக் கூடாது. சாலையோரக் கம்ப்யூட்டர் கடையிலும் இதே கதைதான். அங்கே கடைக்காரர் உழைப்புக்குக் கூலி கேட்பதில் தவறில்லை, வரி தனி, கூலி தனி என்று சொல்லிவிட்டால்.

பயணிக்கு நேரடியாக வலிக்கும் இடம் இன்னொன்று. ஒரு வாரத்துக்கென்று போட்ட பர்மிட்டை வைத்து அதே வாரத்தில் மூன்று சவாரி ஓட்டி, மூன்று குடும்பத்திடமும் முழுத் தொகை வாங்கினால் என்ன செய்வீர்கள்? அகில இந்திய பர்மிட்டை ஆண்டுக் கணக்கில் கட்டி வைத்திருக்கும் வண்டிக்கும் "ஆந்திரா பர்மிட்" என்று தனியே கேட்டால்? செக்போஸ்ட் அதிகாரியை மட்டும் திட்டிப் பழகிவிட்டோம்; பில் போடும் டிராவல்ஸையும் கேட்க வேண்டும். ரசீதில் உள்ள தேதியையும் வண்டி எண்ணையும் பார்த்தாலே பாதி உண்மை தெரிந்துவிடும். டிரைவர் பேட்டா கொடுக்க முகம் சுளிக்காதவர் இந்த ஒரு தாளைக் கேட்கத் தயங்க வேண்டியதில்லை.

நாடுகளுக்கு இடையிலான தரைவழி எல்லைகளிலும் கூத்து இதேதான். தாய்லாந்திலிருந்து கம்போடியாவுக்குள் நுழையும் போய்பெட்டில் சுற்றுலா விசா 30 டாலர். ஆனால் பயணிகளை எல்லைக்கு முன்பே மறித்து அலுவலகம் போன்ற ஒரு கட்டடத்துக்குள் தள்ளிக்கொண்டு போய் விசா வாங்கித் தரும் தரகர்களும், டாலரை ஒதுக்கிவிட்டு தாய்லாந்து நாணயமான பாத்தில் கூடுதலாகக் கேட்கும் கவுன்ட்டரும் பல ஆண்டுகளாகப் பேர்போனவை. (2025இல் இரு நாடுகளும் மோதிக்கொண்டதில் அந்த எல்லையே மூடப்பட்டது தனிக்கதை.) பூட்டானோ இந்தியரிடம் ஓர் இரவுக்கு 1,200 ரூபாய் என்று 2022 முதல் வெளிப்படையாக வாங்குகிறது. அதிகம் என்று முணுமுணுக்கலாம், ஏமாந்தோம் என்று சொல்ல முடியாது.

மனிதனுக்கே மாநில விசா வந்த காலமும் உண்டு. 2020 ஏப்ரலில் கொரோனாவுக்குப் பயந்து வேலூர் மாவட்ட நிர்வாகம் சித்தூர் போகும் வழிகளில், சைனகுண்டாவிலும் பொன்னையிலும், சாலைக்குக் குறுக்கே சுவரே எழுப்பியது. எதிர்ப்பு கிளம்பி இரண்டொரு நாளில் இடித்தார்கள். பிறகு இ-பாஸ். திருமணம், சாவு, மருத்துவம் என்று காரணம் காட்டியும் கிடைக்காதவர்கள் தரகரிடம் போனார்கள். பணம் வாங்கிக்கொண்டு பாஸ் கொடுத்ததாகச் சென்னையில் கைதுகளும் நடந்தன. ஆகஸ்ட் 17 முதல் கேட்டவுடனே பாஸ் என்று தமிழக அரசு அறிவித்ததும் தரகருக்கு விற்கச் சரக்கில்லாமல் போனது.

அதிகாரி லஞ்சம் கேட்டார், கொடுத்தேன், எனக்கென்ன என்று இருப்பதும் இப்போது ஆபத்து. 2018இல் திருத்தப்பட்ட ஊழல் தடுப்புச் சட்டப்படி லஞ்சம் கொடுப்பதும் குற்றம். வேறு வழியில்லாமல் கட்டாயத்தில் கொடுத்தவர் ஏழு நாட்களுக்குள் புகார் செய்தால் மட்டுமே தப்பிக்கலாம். இரவு இரண்டு மணிக்கு வேன் நிறையப் பிள்ளைகுட்டிகளோடு எல்லையில் நிற்கும் டிரைவருக்கு இது தெரிந்திருக்குமா என்பது வேறு விஷயம்.

லஞ்சம் கைமாறும் சாவடிகளையே மூடும் வேலையும் நடக்கிறது. ஜி.எஸ்.டி. வந்த 2017 ஜூலையோடு வணிக வரிச் சாவடிகள் மூடப்பட்டன. போக்குவரத்துச் சாவடிகளையும் எடுத்துவிடுங்கள் என்று மத்திய அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது. குஜராத் 2019 நவம்பரில் மூடியது, மத்தியப் பிரதேசம் 2024 ஜூலை 1 அன்று. அங்கெல்லாம் சாவடிக்குப் பதில் நடமாடும் பறக்கும் படை வந்திருக்கிறது. பறக்கும் படை நிறுத்தினாலும் காட்ட வேண்டியது அதே ரசீதைத்தான். அதை அச்செடுத்து, ஆர்.சி. நகல், பர்மிட் நகலோடு வண்டியில் வைத்திருப்பது டிரைவரின் வேலை. கிளம்பும் முன்பு ஒரு முறை வாங்கிப் பார்ப்பது நம் வேலை.