சுண்ணாம்பு பூசுவதற்கு முன்

இக்கல்லூரியில் சேருமுன் நான் வேறோர் ஊரில் விடுதியில் தங்கிப் பயின்றேன். ஒரு நாள் விடியற்காலையில், குளியலறைக்குப் போகும் தாழ்வாரச் சுவரில் என் அறைத் தோழனின் பெயரும், பக்கத்திலேயே அவன் சாதியைச் சொல்லும் வசையும் கரியால் எழுதப்பட்டிருக்கக் கண்டோம். அவன் எழுந்து வருவதற்குள் அழித்துவிட வேண்டும் என்பதே எனக்கு முதலில் தோன்றியது. வாளியில் நீர் மொண்டு தேய்த்தேன். கறை தெரிந்த இடத்தில் சுண்ணாம்பும் பூசினேன். நல்ல காரியம் செய்ததாகவே எண்ணியிருந்தேன்.

செய்தி எப்படியோ அவனை எட்டிவிட்டது. மாலையில் காப்பாளரிடம் போனான். "எங்கே, காட்டு" என்றார் அவர். காட்டுவதற்கு வெள்ளைச் சுவர்தான் இருந்தது. "பிள்ளைகள் விளையாட்டு; நீ படிப்பைக் கவனி" என்று அனுப்பிவிட்டார். தோழன் என்னை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. சட்டம் என்ன சொல்கிறது என்று அதன் பின்னரே தேடிப் படித்தேன்.

1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1990 சனவரி 30 முதல் நடைமுறைக்கு வந்தது. பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ பிறர் சாதிப் பெயர் சொல்லி இழிவு செய்வது அதன்படி குற்றம். ஆனால் அது பொதுமக்களின் பார்வைக்குட்பட்ட இடத்தில் நடந்திருக்க வேண்டும். வேறெவரும் இல்லாத நான்கு சுவருக்குள் பேசியது இதில் அடங்காது என்று 2020இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் கூறியது. இதன் பொருள் யாது? பக்கத்திலிருந்து கண்டவனும் கேட்டவனும் வாய் திறந்தால்தான் வழக்கு நிற்கும். நமக்கென்ன என்று நகர்ந்து போகிறோமே, அந்த நாம்தான் சாட்சி!

ஆகவே, அழிக்குமுன் படம் எடுத்துவிடுங்கள். நாள், நேரம், இடம், உடனிருந்தோர் பெயர் ஆகியவற்றை அன்றைக்கே எழுதிவையுங்கள். சொன்ன சொல்லைச் சொன்னபடியே எழுத வேண்டும். நாகரிகம் கருதித் 'தகாத சொல்' என்று எழுதினால் பயனில்லை. புகார் செய்வதா வேண்டாமா என்பதைப் பாதிக்கப்பட்டவரே முடிவு செய்யட்டும். நான் அவனைக் கேட்கவே இல்லை. முதல்வருக்குக் கொடுக்கும் மனுவை இரு படிகளாக எழுதி, ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பம் வாங்குங்கள். பாகுபாடு பற்றிய புகார்களைக் கேட்கக் கல்லூரிதோறும் ஓர் அலுவலர் வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2012இல் விதி செய்தது. இங்கே அவர் யார் என்று நண்பர்கள் பலரைக் கேட்டேன், தெரியாது என்றார்கள். ஆசிரியப் பெருமக்கள் அவர் பெயரை அறிவிப்புப் பலகையில் எழுதிவைத்தால் நலம்.

கல்லூரியில் மனுக் கொடுத்தாலும் காவல் நிலையத்துக்குப் போகத் தடையில்லை. வாய்மொழியாகச் சொன்னால் எழுதிக்கொண்டு, படித்துக் காட்டிய பிறகே கையொப்பம் வாங்க வேண்டும், நகல் இலவசம். முதல் தகவல் அறிக்கை பதிய முன்விசாரணை தேவையில்லை என்று 2018இல் சட்டம் திருத்தப்பட்டது. நிலையத்தில் மறுத்தால் மாவட்டக் கண்காணிப்பாளருக்கு அஞ்சலில் அனுப்பலாம்.

வம்பு வராதா என்பீர்கள். அந்த அச்சம் பொய்யன்று. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், பள்ளியில் முறையிட்ட மாணவனை உடன் பயின்றவர்களே வீடு புகுந்து வெட்டியதை அறிவோம்; தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிகளுக்கும் பாதுகாப்புத் தருவது அரசின் கடமை என்று 2015ஆம் ஆண்டுத் திருத்தம் சொல்கிறது. மிரட்டல் இருந்தால் அதையும் மனுவிலேயே எழுதிக் கேட்க வேண்டும். பலர் சேர்ந்து கையெழுத்திடுவதும் ஒரு துணைதான்.

அந்த வாரக் கடைசியில் நாங்கள் நால்வர் கூடி ஒரு தாள் எழுதினோம். சுவரில் என்ன இருந்தது என்று எழுத்துக்கு எழுத்து குறித்து, 'அதை அழித்தவன் நான்' என்று என் பெயரைப் போட்டேன். அலுவலகத்தில் தேதி முத்திரை இட்டு வாங்கிக்கொண்டார்கள். அதன் நகல் அவனிடம் இருக்கிறது.